ராப்பா நூயி மண்

1964 டிசம்பரில் கனடாவின் மருத்துவக் குழு ஒன்று ஈஸ்டர் தீவில் இறங்கியது. அங்குள்ளவர்கள் தங்கள் தீவை ராப்பா நூயி என்பார்கள். எங்கு பார்த்தாலும் குதிரைகள், வெறுங்காலோடு நடமாடும் மக்கள். குதிரைச் சாணம் கலந்த மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும். இருந்தும் இவர்களுக்கு டெட்டனஸ் ஏன் வருவதில்லை? குழுவிலிருந்த நுண்ணுயிரியலாளர் ஜார்ஜ் நோக்ராடி இதற்கு விடை தேடித் தீவை 67 பகுதிகளாகப் பிரித்து மண் எடுத்தார்.

அந்த மண் மான்ட்ரியலில் இருந்த அயர்ஸ்ட் மருந்து நிறுவனத்துக்குப் போனது. பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்த சுரேந்திர நாத் சேகலின் குழு, அதிலிருந்த பாக்டீரியா ஒன்றிலிருந்து 1972இல் ராப்பமைசினைப் பிரித்தெடுத்தது. பூஞ்சையைக் கொல்லும் மருந்தாகத்தான் முதலில் நினைத்தார்கள். அது நோய் எதிர்ப்பு சக்தியையும் அடக்கியதால் ஓரங்கட்டினார்கள். 1980களின் தொடக்கத்தில் மான்ட்ரியல் ஆய்வுக்கூடமே மூடப்பட்டது. சேகலுக்கு மனம் கேட்கவில்லை. பாக்டீரியாவைக் கடைசியாக ஒரு தடவை வளர்த்து, குப்பிகளில் அடைத்து, சாப்பிடக் கூடாது என்று எழுதி ஒட்டி வீட்டு ஃப்ரீசரில் வைத்தார். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் இந்த மருந்தே இல்லை.

குறை என்று ஒதுக்கியதுதான் அதன் பலம். மாற்றுச் சிறுநீரகத்தை அந்நியமாகக் கண்டுகொள்ளும் டி செல் என்ற நோய் எதிர்ப்பு செல், இன்டர்லூக்கின்-2 என்ற சைட்டோகைனைச் சுரக்கும். 'பெருகு' என்பதுதான் அது தரும் சேதி. நோய் எதிர்ப்பை அடக்கும் மற்ற மருந்துகளான சைக்ளோஸ்போரினும் டாக்ரோலிமஸும் கால்சினியூரின் என்ற நொதியை முடக்கி, அந்தச் சுரப்பையே தடுக்கின்றன. ராப்பமைசின் வழி வேறு. செல்லுக்குள் எஃப்கேபிபி-12 என்ற புரதத்தோடு சேர்ந்து எம்டார் என்ற நொதியைப் பிடித்துக்கொள்ளும். இன்டர்லூக்கின் சுரக்கும், ஏற்பியையும் தொடும். கதவு தட்டும் சத்தம் கேட்டும் எழுந்து திறக்க ஆளில்லாத வீடுபோல, செல் பெருகாமல் நின்றுவிடும். டாக்ரோலிமஸும் பிடிப்பது இதே எஃப்கேபிபி-12ஐத்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பு: கூட்டாளி ஒன்று, முடக்கும் இடம் வேறு. ராப்பமைசினின் இலக்கை 1991இல் பாசலில் ஈஸ்டை வைத்துக் கண்டுபிடித்தார்கள். எம்டார் எல்லா செல்லிலும் இருப்பதால் பக்கவிளைவுகளும் உண்டு: புண் ஆறத் தாமதமாகும், கொழுப்பு ஏறும்.

1999இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் ராப்பமைசினைப் பயன்படுத்த அமெரிக்கா அனுமதி தந்தது. பிறகு இதய ஸ்டென்ட்டுகளின் மேற்பூச்சாகவும் ஆனது. சேகல் 2003இல் காலமானார். தீவின் பெயரை மருந்துக்கு வைத்தார்கள். லாபத்தில் தீவு மக்களுக்குப் பங்கு கொடுக்கவில்லை. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.