எல்லைக் கோடும் ஏலமலையும்



ஓர் ஊரை அறிய விரும்புவோர், அதன் நீர் எங்கிருந்து வருகிறது, அதன் வரி எங்கே செல்கிறது என்னும் இரண்டையும் கேட்டறிதல் வேண்டும். பூகோள வகுப்பில் நான் முதலில் எழுப்பிய வினாக்கள் இவையே.

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்தது. குரங்கணி மலைகளிலிருந்து இறங்கும் கொட்டகுடி ஆறு இந்நிலத்தை நனைத்து, முடிவில் வைகையைச் சேர்கிறது. மேற்கே போடிமெட்டு ஏறினால் ஏலமலை. அங்கு விளையும் காய்க்கு இவ்வூரே நெடுங்காலச் சந்தை. 1928இல் மதுரையிலிருந்து இரயிலும் வந்தது.

இனி ஆட்சியைக் காண்போம். இது ஜமீன் ஊர். 1884ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய கிராமங்களில் யூனியன்களை அமைத்து, வீட்டுவரி தண்டித் தெருவையும் சுகாதாரத்தையும் பேண வழி செய்தது. 1901இல் 22,209 மக்கள் வாழ்ந்த போடியும் அத்தகைய யூனியனாகவே இருந்து, பின்னர் நகராட்சியாயிற்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. இன்று நகரைச் சூழ்ந்த 15 கிராம ஊராட்சிகள் தனியே ஓர் ஊராட்சி ஒன்றியமாக விளங்குகின்றன. குரங்கணி மலைக் குடிகள் கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தோர்.

ஸ்காட்லாந்தில் 1996 ஏப்ரல் முதல் நாள் நாடு முழுவதையும் 32 பகுதிகளாக்கி, நகருக்கும் மலைக்கும் சேர்த்துப் பகுதிக்கு ஒரே மன்றம் வைத்தனர். அதே 1996இல் மதுரையினின்று தேனி மாவட்டத்தைப் பிரிக்க ஆணை பிறந்தது. ஆயினும் இங்கே நகராட்சி வேறு, ஒன்றியம் வேறு என்னும் அமைப்பே நிலைத்தது.

நம் மலைக்கு மற்றொரு கோடும் உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் சீரமைந்தபோது, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தின் பகுதிகளாயின. ஏலத்தோட்டங்களிற் பெரும்பாலானவை முகட்டுக்கு அப்பால் நின்றன. சந்தையும் உழைப்பாளரும் இப்பால் நின்றனர்.

விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் மெட்டு ஏறிக் காய் எடுத்து, அந்தியில் இறங்கும் பெண்களை நினையுங்கள். அவர்கள் வாக்களிப்பது இங்கே. பகலெல்லாம் உழைப்பது அங்கே. தோட்டத்துப் பாதையையும் குடிநீரையும் பேணும் ஊராட்சியில் அவர்களுக்கு வாக்கில்லை. இங்கே அவர்கள் தேர்ந்த உறுப்பினருக்கோ அங்கே அதிகாரமில்லை.

எல்லை வகுப்பது அரசின் கடமை. அதன் இருபுறமும் வாழ்வோர் நலம் காப்பதும் அக்கடமையின் பகுதியே. மாணவர்களே, உங்கள் ஊரின் படத்தை வரையுங்கால், ஆற்றையும் எல்லையையும் குறித்தபின், மக்கள் நாள்தோறும் நடக்கும் வழியையும் அதில் குறியுங்கள். நாளை மன்றங்களில் அமரப்போகும் உங்களுக்கு அந்த மூன்றாவது கோடு பயன்படும்.