குதிக்காதே: ஃபோர்க்லிஃப்ட் விதிகளின் கதை

கிடங்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் நான். எந்தப் பேலட்டை எடுக்கணும், எந்த ரேக்கில் வைக்கணும்னு நிரல் சொல்லிவிடும். வண்டி எப்படிக் கவிழும்னு அதற்குத் தெரியாது. அதைத் தேடப் போய், வரலாற்றில் மாட்டிக்கொண்டேன்.

1906-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்வே, ஆல்டூனாவில் பயணிகளின் மூட்டைகளை நகர்த்த பேட்டரி வண்டி ஓட்டியது. 1917-ல் மிச்சிகனில் கிளார்க் கம்பெனி தன் ஆலைக்குள் சாமான் இழுக்க 'ட்ரக்ட்ராக்டர்' என்று ஒன்றைச் செய்துகொண்டது. பார்க்க வந்தவர்கள் "எங்களுக்கும் ஒண்ணு" என்று கேட்க, அதுவே வியாபாரமானது. 1923-ல் யேல் கம்பெனி மேலே ஏறும் முள்களைச் சேர்த்தது. இரண்டாம் உலகப் போர் ஃபோர்க்லிஃப்டையும் பேலட்டையும் ஊரெல்லாம் பரப்பியது.

முள் மேலே ஏறியதும் ஆபத்தும் கூட ஏறியது. வண்டி ஒரு ஏற்றம்தான்: முன் சக்கரம் நடுக்கட்டை, ஒரு பக்கம் சரக்கு, மறுபக்கம் எதிர் எடை. பின் அச்சு நடுவில் ஒரே புள்ளியில்தான் தாங்கி நிற்கிறது. ஆக, நாலு சக்கரம் இருந்தாலும் வண்டி நிற்பது முக்கோணத்தில். எடைமையம் அதைத் தாண்டினால் சாயும். சரக்கைத் தூக்கிய நிலையில் வேகமாகத் திரும்பினால் தாண்டிவிடும். கார் ஓட்டத் தெரிந்தவருக்கே இது புரிபடாது, ஏன்னா இங்கே திரும்புவது பின் சக்கரம். பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு வரும். பக்கத்தில் நடப்பவரின் கதி அதில்தான்.

1980 முதல் 1994 வரை அமெரிக்காவில் ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளில் 1,021 தொழிலாளர்கள் இறந்ததாக அந்நாட்டின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் கணக்கிட்டது. வண்டி கவிழ்ந்து 22 சதவீதம். நடந்து போனவர்மேல் மோதி 20 சதவீதம். இரண்டாவது எண்தான் எனக்கு உறுத்துகிறது. அவர்களில் பலர் வண்டியைத் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1971-ல் ஓஷா எடுத்துக்கொண்ட விதியில் பயிற்சி பற்றி இருந்தது ஓரிரு வரி: பயிற்சி பெற்றவரே ஓட்டலாம். எப்படிப்பட்ட பயிற்சி? மௌனம். (ஒரே வரி ஆவணத்தோடு வந்த மென்பொருளைப் பராமரித்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும்.) 1998 டிசம்பரில்தான் அந்த வரிக்குப் பதில் முழு விதி வந்தது: வகுப்பு, செய்முறை, பணியிடத்திலேயே மதிப்பீடு, குறைந்தது மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. 18 வயதுக்குக் கீழானவர் ஓட்டக்கூடாது என்பது வேறொரு சட்டம்.

பயிற்சி அடித்துச் சொல்வது: வண்டி சாய்ந்தால் குதிக்காதே. மனித உடம்பு சொல்வதற்கு நேர் எதிர்! குதிப்பவர்மேல் அவரைக் காக்க வைத்த மேல்கூண்டே விழுகிறது. பெல்ட்டோடு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, விழும் பக்கத்துக்கு எதிரே சாயணும். நின்றபடி ஓட்டி, பின்புறமாக ஏறும் வண்டியில் மட்டும் விதி மாறுகிறது: பின்னால் இறங்கிவிடணும்.

கையால் பம்ப் அடிக்கும் பேலட் ஜாக் அந்த ஓஷா விதிக்குள்ளேயே வராது. மோட்டார் உள்ளதுதான் வரும். இரண்டு டன் ஏற்றிய கைவண்டி சரிவில் உருண்டால் காலை வைத்து நிறுத்த முடியாது. தள்ளுவது நல்லது, இழுத்தால் குதிகால் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும். சரிவிலோ, சரக்குக்குக் கீழ்ப்பக்கம் ஆள் நிற்கவே கூடாது.