வங்காளப் பெயர்ச்சொல்லின் உருபுகள்

கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுன், ராஜார்ஹாட் வட்டாரத்து வயல்களில் எழுந்த நகரம். ராஜார்ஹாட் என்றால் ராஜாவின் சந்தை. நடுவில் நிற்கும் 'ர்' வங்காளத்தின் ஆறாம் வேற்றுமை உருபு. மெய்யில் முடியும் சொல்லுக்கு அதுவே 'எர்' ஆகும்: நியூ டவுனெர். அங்கே வசிப்பவர் 'நியூ டவுனே', அதாவது நியூ டவுனில், இருப்பதாகச் சொல்வார். ஊர் உயிரில் முடியும் தில்லி என்றால் 'தில்லிதே'. செயப்படுபொருளுக்கு 'கே' வரும், பெரும்பாலும் உயிருள்ளவற்றுக்கு மட்டும். மரம் வெட்டினான் என்று நாம் ஐ இல்லாமல் சொல்வதுண்டல்லவா, அதே போக்குத்தான்.

மூன்று பால், மூன்று எண், எட்டு வேற்றுமை என்று சமஸ்கிருதம் வைத்திருந்த கட்டமைப்பில் பெரும்பகுதி வங்காளத்துக்கு வரும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. 1907இல் நேபாளத்தில் ஹரப்பிரசாத் சாஸ்திரி கண்டெடுத்த பழைய வங்காளச் சர்யாபதப் பாடல்களிலேயே 'எர்' வகை உருபு தென்படுகிறது. இன்று மனிதரைக் குறிக்கும் பெயர்களுக்குப் பன்மை தரும் 'ரா', நடுக்கால நூலான ஸ்ரீகிருஷ்ணகீர்த்தனில் நாங்கள், நீங்கள் போன்ற சொற்களோடு நின்றது. பிறகே மற்றப் பெயர்களுக்குப் பரவியது.

சமஸ்கிருதத்தில் இல்லாத வரவு 'டா', 'டி'. காச் என்றால் மரம். 'காச்டா' என்றால் பேசுவோர் இருவருக்கும் தெரிந்த மரம். 'துட்டோ காச்' ஏதோ இரண்டு மரங்கள். 'காச் துட்டோ' என்று வரிசையை மாற்றினால் குறிப்பிட்ட அந்த இரண்டு. ஸ்காண்டிநேவிய மொழிகளும் சுட்டை வாலில்தான் கட்டுகின்றன: டேனிஷில் வீடு 'ஹூஸ்', குறிப்பிட்ட வீடு 'ஹூசெட்'. அவற்றின் மூலமொழியான பழைய நோர்ஸின் நான்கு வேற்றுமைகளில் டேனிஷ் பெயர்ச்சொல்லுக்கு எஞ்சியது உடைமை காட்டும் 'ஸ்' ஒன்றே. உறவில்லாத ஒற்றுமைதான்; ஆனாலும் வில்லியம் கேரியின் வங்காள இலக்கணம் 1801இல் அச்சேறியது, அப்போது டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த சேராம்பூரில்.

அதற்கு முன்பே மனோயல் த அசும்ப்சாவ் 1743இல் லிஸ்பனிலும், நத்தானியேல் ஹால்ஹெட் 1778இல் ஹூக்ளியிலும் வங்காள இலக்கணம் வெளியிட்டிருந்தனர். ராம்மோகன் ராயின் 'கௌடீய வியாகரணம்' 1833இல் வந்தது. வங்காளத்தைச் சமஸ்கிருத அச்சில் வார்ப்பதைத் தாகூர் எதிர்த்தார். அவருடைய 'சப்ததத்வ' (1909) பேச்சுமொழியின் இயல்பையே ஆராய்ந்தது. உருபுகளின் வரலாற்றை விரிவாக நிறுவியது சுனீதி குமார் சாட்டர்ஜியின் 1926ஆம் ஆண்டு நூல். பள்ளி இலக்கணம் அவ்வளவு வேகமாக நகரவில்லை: இரண்டாம் வேற்றுமைக்கும் நான்காம் வேற்றுமைக்கும் உருபு 'கே' ஒன்றேயாக இருந்தும், இரண்டையும் தனித்தனிப் பெயரிட்டுப் பிரித்துக் கற்பிக்கும் மரபு தொடர்ந்தது.