அலுமாரியிலிருந்து இணைய நூலகம் வரை

மட்டக்களப்பில் எழுதியவர்களுக்குக் குறைவில்லை. எழுதியவற்றைக் காப்பதுதான் எமக்கு எப்போதும் கடினமாக இருந்தது. கண்ணகி வழக்குரை ஏடுகளைக் கோயில்களில் பக்தியோடு பேணிய மண் இது. 1892 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமது 'யாழ் நூலை' 1947 இல் தமிழுலகுக்குத் தந்தார். எப். எக்ஸ். சி. நடராசா 'மட்டக்களப்பு மான்மியத்தை' 1962 இல் பதிப்பித்தார். 1964 இல் வித்துவான் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' வெளிவந்தது. இவை அச்சேறியதால் பிழைத்தன. அச்சேறியும் சில நூறு பிரதிகளோடு நின்றுபோனவை எத்தனையோ. கிராமத்துச் சங்க மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை.

அவற்றின் விதியை எம்மூர் இயற்கையும் யுத்தமும் சேர்ந்தே எழுதின. 1978 நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளி கூரைகளைத் தூக்கிச் சென்றது. 1990 இல் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு இடம்பெயர்ந்தன. அந்த மூட்டைகளில் அரிசிக்கும் அடையாள அட்டைக்கும் இடமிருந்தது, பழைய சஞ்சிகைகளுக்கு இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் கல்லடியையும் நாவலடியையும் விழுங்கியது. 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தது. இவை எதுவும் வராத ஆண்டுகளில் கறையான் வந்தது.

நூலை இழப்பது என்றால் என்ன என்பதை ஈழத்தமிழர் அனைவருக்கும் உணர்த்தியது 1981 மே 31 இரவு தொடங்கிய யாழ்ப்பாணப் பொது நூலக எரிப்பு. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அவற்றோடு போயின. ஒரு நூல் ஒரே கட்டடத்தில் மட்டும் இருந்தால் ஒரே இரவில் அது இல்லாமற் போகும் என்பதே அந்த நெருப்பு தந்த பாடம்.

அந்தப் பாடத்துக்கு விடை எதிர்பாராத இடங்களிலிருந்து வந்தது. 1998 பொங்கலன்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த இரசாயனவியலாளர் கு. கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டத்தை' ஆரம்பித்தார். ஒருவரையொருவர் நேரில் கண்டிராத தன்னார்வலர்கள் பல நாடுகளில் இருந்துகொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, இணையத்தில் இலவசமாகத் தந்தார்கள். 2003 இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அதன் தொடக்க காலத்தில் பெரும்பகுதியைத் தனியொருவராகவே எழுதினார்.

சுனாமி அடித்து ஒரு மாதம் முடியுமுன்னர், 2005 ஜனவரியில், தி. கோபிநாத், மு. மயூரன் என்ற இரு இளைஞர்களின் முயற்சியில் 'நூலகம்' திட்டம் பிறந்தது. தட்டெழுதுவதற்கு மாதங்கள் செல்லும், பக்கங்களைப் படமாக வருடுவதற்கு நாட்கள் போதும். ஆகவே நூலகம் பெரும்பாலும் வருடும் வழியிலேயே வளர்ந்தது. விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளே அதன் நூற்பட்டியலுக்கும் அடித்தளமாயிற்று. ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஓர் எண், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருளடக்கம் என ஒரு நூலகர் அட்டையில் எழுதும் விவரங்களே திரைக்கு மாறின. இன்று அங்கே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளன. மேலே நாம் குறிப்பிட்ட 'மான்மியமும்' 'மட்டக்களப்புத் தமிழகமும்' அவற்றுள் அடங்கும். சிறப்பு மலர்களுக்கும் நினைவு மலர்களுக்கும் தனிப் பிரிவுகளும் உண்டு.

இதை இளைஞர்களும் கணினியும் மட்டும் செய்துவிடவில்லை. நூலகரான என். செல்வராஜா இலண்டனிலிருந்து 'நூல்தேட்டம்' என்ற நூற்பட்டியலைத் தொகுத்தார். முதற்தொகுதி 2002 இல் வந்தது. ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல்கள் என்ற கணக்கில் ஈழத்தமிழர் நூல்களின் விவரங்களை அவர் பதிந்தார். எவை இருக்கின்றன என்று தெரிந்தால்தானே எவற்றைத் தேடுவது என்று தெரியும்! பழைய நூலகக் கலையும் புதிய தொழில்நுட்பமும் கைகோத்த இடம் இதுவே.

ஆனால் கணினியில் ஏற்றியதெல்லாம் நிலைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. தொண்ணூறுகளில் நாம் பயன்படுத்திய நெகிழ்வட்டுகளை வாசிக்கும் கருவி இன்று எந்த வீட்டில் இருக்கிறது? பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய கட்டுரைகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யுனிகோட்டுக்கு மாற்றினால்தான் அவற்றைத் தமிழில் தேடியெடுக்க முடியும். மருத்துவத் துறையில் இருக்கும் எமக்கு இது புதிதல்ல. நோயாளி கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிட்டு வந்தால், பல வருட வருத்தத்தின் கதையை அவர் நினைவிலிருந்துதான் கட்டியெழுப்ப வேண்டும். நினைவு பாதியைச் சொல்லும், மீதியை ஊகிப்போம். ஒரு பாடசாலையின் வரலாறும் அப்படித்தான்.

எமது கல்லூரிச் சஞ்சிகைகளின் முழுத் தொகுதி இன்று ஓரிடத்திலும் இல்லை. ஆயினும் அவை அழிந்துவிட்டன என்று நாம் நம்பவில்லை. இளைப்பாறிய ஆசிரியைகளின் அலுமாரிகளிலும், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உள்ள பழைய மாணவியரின் பெட்டிகளிலும் அவை பிரிந்து கிடக்கின்றன. பரிசளிப்பு விழா அறிக்கை, நாடக நிகழ்ச்சி நிரல், வலைப்பந்து அணியின் படம் எதுவாயினும், அதை வருடிப் பார்க்கும்வரை அது ஒருத்தியின் சொத்து மட்டுமே. அவளுக்குப் பின் வீட்டைத் துப்புரவாக்குபவர் அதைப் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்துவிடலாம்.

வருடும்போது ஓரிரு விடயங்களை மனதிற்கொள்வோம். அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் விட்டுவிடக் கூடாது. எந்தக் கடை எந்தத் தெருவில் இருந்தது என்பதை அவ்விளம்பரங்களே சொல்லும். படத்தில் நிற்பவர்களின் பெயரை இன்றே எழுத வேண்டும், ஏனெனில் அவர்களை அடையாளம் காணக்கூடிய அக்காமார் வருடாவருடம் குறைகிறார்கள். அதேவேளை எல்லாவற்றையும் பொதுவில் வைக்கவும் கூடாது. வரவு இடாப்புகள், புள்ளி அறிக்கைகள், யுத்தகாலப் பெயர்ப்பட்டியல்கள் உயிரோடிருப்பவர்களைப் பற்றியவை. அவற்றைக் காப்போம், ஆனால் உரியவரின் சம்மதமின்றி வெளியிடமாட்டோம்.

இந்த மலரின் ஒரு பிரதி கல்லூரி நூலகத்துக்குப் போவதுபோல, இன்னொரு பிரதி இணைய நூலகத்துக்கும் போகட்டும். அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப்போகும் பிள்ளைகளுக்கு எம்மைப் பற்றி ஊகிக்க வேண்டிய தேவை இராது.