சத்தியான்வேஷி

துப்பறியும் கதைகளுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. குற்றவாளி இன்னான் என்று தெரிந்தபின் அவற்றை மறுமுறை நாடுவோர் குறைவு. அங்ஙனமிருக்க, 1993-ஆம் ஆண்டில் தூர்தர்ஷன் ஹிந்தியில் ஒளிபரப்பிய ‘பியோம்கேஷ் பக்ஷி’ என்னும் தொடர், 2020 மார்ச்சில் ஊரடங்கால் மக்கள் வீட்டினுள் அடைபட்டிருந்த நாட்களில் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னரும் அது சுவை குன்றாதிருக்கிறதா என்று பார்ப்போம்.

பியோம்கேஷ், வங்க எழுத்தாளர் சரதிந்து பந்த்யோபாத்யாயர் 1932-இல் படைத்த பாத்திரம். ‘டிடெக்டிவ்’ என்னும் பட்டத்தை விரும்பாமல், ‘சத்தியான்வேஷி’, அதாவது உண்மையைத் தேடுபவன், என்று தன்னை அழைத்துக்கொண்டவன். பாசு சாட்டர்ஜியின் இயக்கத்தில் ரஜித் கபூர் இவ்வேடத்தை ஏற்றார். நண்பன் அஜித்தாக நடித்தவர் கே. கே. ரெய்னா.

காட்சியமைப்பில் தொடர் மூத்துவிட்டது, மறைப்பானேன்? அறைகள் சிறியன, தெருக்கள் அரிதாகவே தென்படுகின்றன. 2015-இல் திபாகர் பானர்ஜி எடுத்த திரைப்படம் 1943-ஆம் ஆண்டுக் கல்கத்தாவைப் பெரும்பொருட்செலவில் எழுப்பிக் காட்டிற்று. அதனோடு ஒப்பிட்டால் இது நாடக மேடைதான்.

பொருள்களும் மறைந்து போயின. ஒரு கதையில், தெருவில் நடந்து செல்வோர் சத்தமின்றிச் சாய்கின்றனர். அவர்தம் நெஞ்சில் கிராமபோன் ஊசி தைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது, எவ்வாறு பாய்ந்தது என்பது போலீஸாருக்குப் புலப்படவில்லை. (விடையை நாம் சொல்லப்போவதில்லை.) இன்றைய இளைஞர் பலர் அவ்வூசியைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் கதை கெடவில்லை. அன்று வீட்டில் கிடந்த அற்பப் பொருள் என்பதே திகிலாயிற்று. இன்று அதன் புதுமையே வியப்பாகிறது.

முதற்கதையோ வேறு விதம். கல்கத்தாவில் ஹோமியோபதி மருத்துவர் ஒருவர் நடத்தும் மெஸ். அங்கே அஜித்தின் அறையில் பங்குகொள்ள ஒரு புதியவன் வருகிறான். பெயர் அதுல் என்கிறான். உண்மையில் அவனே பியோம்கேஷ். அடையாள அட்டையும் கைத்தொலைபேசி எண்ணும் கேட்கும் இக்காலத்தில் அப்பொய்ப்பெயர் ஒருநாள் தாங்குமா என்பது ஐயமே. ஆனால் பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் முன்பின் அறியாதாருடன் ஒரே அறையில் பாய் விரித்து, ஒரே பந்தியில் உண்டு வாழ்ந்த நம்மவருக்கு அம்மெஸ்ஸின் மௌனம் நன்கு விளங்கும். பக்கத்துக் கட்டிலில் உறங்குபவன் சொல்லும் ஊரும் பேரும்தான் அவனைப்பற்றி நாம் அறிந்தவை. அவற்றை நம்பித்தான் பெட்டியைத் திறந்து வைத்து வேலைக்குப் போனோம்.

இத்தொடரில் துரத்தல் குறைவு, பேச்சு மிகுதி. பியோம்கேஷ் கேட்கிறான், காத்திருக்கிறான், மீண்டும் கேட்கிறான். விரைவுக்குப் பழகிய கண்கள் முதலிற் சலிப்படையலாம். ஆனால் அவன் கேட்கும் விடைகளையே நாமும் கேட்கிறோம். அவனுக்கு முன்னே கண்டுபிடிக்க நமக்கும் அவகாசம் கிடைக்கிறது. முடிவை அறிந்தவர்கூட, எந்தச் சொல்லில் குற்றவாளி பிடிகொடுத்தான் என்று தேடிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்.