ஹெட் கேஸ்கட் பழுதா? எஞ்சினைத் திறக்கும் முன் வீட்டிலேயே உறுதி செய்வது எப்படி?

மும்பை:

காரின் புகைக்குழாயில் வெண்புகை, எண்ணெய் மூடியின் உட்புறம் பால் நிறப் படிவு ஆகியவை தென்பட்டவுடன், ஹெட் கேஸ்கட் பழுதாகிவிட்டது என்று பலர் முடிவு செய்துவிடுகின்றனர். மும்பையின் குர்லா போன்ற தாழ்வான, மழைநீர் தேங்கும் பகுதிகளில் இவ்விரு அறிகுறிகளும் வேறு காரணங்களாலும் தோன்றக்கூடும். கணிப்பு தவறினால், டாக்சி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்குச் செலவுடன் பல நாள் வருவாயும் வீணாகும். எனவே, எஞ்சினைத் திறப்பதற்கு முன் சில சோதனைகளைச் செய்வது அவசியமாகிறது.

ஹெட் கேஸ்கட் என்றால் என்ன?

எஞ்சினின் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும், மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே பொருத்தப்படும் மெல்லிய தகடே ஹெட் கேஸ்கட் ஆகும். எரியும் வாயு, குளிர்விக்கும் நீரான கூலண்ட், எஞ்சின் எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் தடுப்பது இதன் பணி. இன்றைய கார்களில் பல அடுக்கு எஃகுத் தகடுகளால் ஆன கேஸ்கட்களே பெரும்பாலும் பயன்படுத்தப்படுகின்றன.

இது பழுதடைய முதன்மைக் காரணம் அதிக வெப்பம். பல கார்களில் பிளாக் வார்ப்பிரும்பாலும், ஹெட் அலுமினியத்தாலும் செய்யப்படுகின்றன. அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும் தன்மை கொண்டது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்போது ஹெட் வளைந்து, கேஸ்கட் மீதான அழுத்தம் சீரற்றுப் போகிறது. வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட பிறகும் வண்டியைத் தொடர்ந்து ஓட்டுவதே பெருஞ்செலவுக்கு வழிவகுக்கிறது.

மழைக்காலத்தில் ஏமாற்றும் அறிகுறிகள்

குளிர்ந்த எஞ்சினை இயக்கியவுடன் வெளிவரும் வெண்மை பெரும்பாலும் நீராவியே. சில நிமிடங்களில் அது மறைந்துவிட்டால் அச்சம் வேண்டியதில்லை. எஞ்சின் நன்கு சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை இனிப்பு மணத்துடன் தொடர்ந்தால், கூலண்ட் எரிகிறது என்று பொருள்.

அதேபோல், குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வண்டிகளில் ஈரப்பதம் குளிர்ந்து, எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படிவை உண்டாக்கும். அளவுக் கம்பியில் உள்ள எண்ணெய் தெளிவாக இருந்து, கூலண்டும் குறையாமல் இருந்தால், அது பழுதன்று. கம்பியில் உள்ள எண்ணெயே பாலேடு கலந்த தேநீர் போல் மாறியிருந்தால், எண்ணெயில் நீர் கலந்துள்ளது உறுதி. எனினும் அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதையே அடுத்து அறிய வேண்டும்.

2005 ஜூலை 26, 27 தேதிகளில் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. மித்தி ஆறு பெருக்கெடுத்ததில் குர்லா கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் எண்ணெயில் கலப்பது வெள்ள நீரே; கேஸ்கட் நல்ல நிலையிலேயே இருக்கலாம். அவ்வண்டியை இயக்க முயன்றால், சிலிண்டருக்குள் புகுந்த நீர் அமுங்காததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காற்று வடிகட்டி நனைந்துள்ளதா என்று பார்க்காமல் சாவியைத் திருப்பக் கூடாது.

வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் உள்ள கொதிநீர் பீறிட்டுக் கடுமையான தீக்காயத்தை ஏற்படுத்தும். எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகே பின்வரும் சோதனைகளைத் தொடங்க வேண்டும்.

முதலாவது, கூலண்ட் அளவு. வெளியே கசிவு எதுவுமின்றி அளவு நாள்தோறும் குறைந்தால், அது எஞ்சினுக்குள் செல்கிறது என்று ஐயுறலாம். அதற்கு முன் ரேடியேட்டர், குழாய்கள், வாட்டர் பம்ப், காருக்குள் ஹீட்டர் உள்ள பகுதியின் தரைவிரிப்பு ஆகியவற்றில் ஈரம் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, குமிழிகள். ரேடியேட்டர் நிரம்பிய நிலையில் மூடியைத் திறந்து வைத்து, ஆறிய எஞ்சினை இயக்கினால் தொடக்கத்தில் சில குமிழிகள் வரலாம். அவை நிற்காமல் தொடர்ந்து வந்தாலோ, இயக்கிய சில நொடிகளிலேயே மேல் குழாய் கல் போல் இறுகினாலோ, எரிவாயு கூலண்டுக்குள் புகுகிறது என்று அறியலாம். எஞ்சின் சூடாகத் தொடங்கும் முன்பே சோதனையை நிறுத்திவிட வேண்டும்.

மூன்றாவது, நிறம் மாறும் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் வைக்கப்படும் குழாயிலுள்ள நீல நிறத் திரவம் கரியமில வாயு பட்டால் மஞ்சளாக மாறும். பெட்ரோல் எஞ்சினுக்கு நம்பகமான, செலவு குறைந்த சோதனை இது.

நான்காவது, அழுத்தச் சோதனை. கைப்பம்பு மூலம் ரேடியேட்டர் மூடியில் குறிக்கப்பட்ட அழுத்தத்தை, அதாவது ஏறத்தாழ 1 பார் அல்லது சற்றுக் கூடுதலாகச் செலுத்தி, 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். வெளியே கசிவின்றி அழுத்தம் இறங்கினால், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி எந்த சிலிண்டரில் நீர் உள்ளது என்று பார்க்கலாம்.

ஐந்தாவது, கம்ப்ரஷன் அளவீடு. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையே கேஸ்கட் கிழிந்திருக்க வாய்ப்பு மிகுதி.

ஒரே அறிகுறியை நம்பாமல், குறைந்தது இரு சோதனைகள் ஒரே முடிவைத் தந்த பின்னரே ஹெட்டைக் கழற்றுவது நல்லது.

பத்மினி காலமும் இன்றும்

பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தின் குர்லா ஆலையில் உருவான பிரீமியர் பத்மினி, பல பத்தாண்டுகள் மும்பையின் கறுப்பு-மஞ்சள் டாக்சியாக ஓடியது. 2003 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்சி பதிவு செய்யப்பட்டது. 20 ஆண்டு வயது வரம்பின்படி 2023 அக்டோபருடன் அவற்றின் டாக்சிப் பயணம் முடிவுக்கு வந்தது.

அதன் 1,089 சி.சி. எஞ்சினில் கேம் ஷாப்ட் பிளாக்கினுள் அமைந்திருந்தது. இதனால் டைமிங் செயினைத் தொடாமலேயே ஹெட்டைக் கழற்ற முடிந்தது. தெருவோரத்திலேயே இப்பணி சாத்தியமானது. இன்றைய எஞ்சின்களில் கேம் ஷாப்ட் ஹெட்டின் மேல் உள்ளதால், டைமிங் செயின் அல்லது பெல்ட்டை விடுவித்தாக வேண்டும். திரும்ப மாட்டும்போது சில பற்கள் தவறினாலே பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். வண்டியின் கையேடும், டார்க் ரெஞ்சும் இல்லாதவர்கள் சோதனையுடன் நிறுத்திக்கொண்டு, பழுதுபார்ப்பைப் பட்டறையில் ஒப்படைப்பதே சிறந்தது. மும்பை டாக்சிகளில் பெரும்பாலானவை சி.என்.ஜி.யில் இயங்குவதால், எரிவாயுக் குழாய்களைக் கழற்றும் பணியை உரிய பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

பழுதுபார்க்கும் முறை

பேட்டரி இணைப்பை நீக்கி, கூலண்டை வடித்து, டைமிங் குறிகளைப் பதிவு செய்த பின், ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். கழற்றிய ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து, ஃபீலர் கேஜால் வளைவை அளக்க வேண்டும். கையேட்டின் வரம்பை மீறியிருந்தால் லேத் பட்டறையில் பரப்பைச் சமன் செய்து, விரிசல் உள்ளதா என்று அழுத்தச் சோதனையும் செய்ய வேண்டும். குர்லாவிலும் அதையொட்டிய சி.எஸ்.டி. சாலையிலும் உதிரிப்பாகக் கடைகளும் வாகனப் பட்டறைகளும் உள்ளன.

பழைய கேஸ்கட் துணுக்குகளை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. அதன் துகள்கள் எண்ணெயில் கலந்து பேரிங்குகளை அரித்துவிடும். மிகப் பழைய கேஸ்கட்களில் கல்நார் இருந்திருக்கக்கூடும் என்பதால், உலர்ந்த நிலையில் சுரண்டாமல் ஈரமாக்கியே அகற்ற வேண்டும். போல்ட் துளைகளில் தேங்கிய எண்ணெயையும் நீரையும் முற்றிலும் நீக்காவிட்டால், முறுக்கும்போது பிளாக்கே வெடிக்கக்கூடும்.

புதிய கேஸ்கட்டில் குறிக்கப்பட்டுள்ள மேல்புறத்தையும் முன்புறத்தையும் கவனித்துப் பொருத்த வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, கையேட்டில் உள்ள வரிசையிலும் விசையிலும் பல கட்டங்களாக முறுக்க வேண்டும். ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்க போல்ட்டுகளை மீண்டும் மாட்டக் கூடாது. பின்னர் எண்ணெய், எண்ணெய் வடிகட்டி, கூலண்ட் ஆகியவற்றைப் புதிதாக மாற்றி, குளிர்விப்பு அமைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும்.

கசிவை அடைப்பதாகக் கூறி ரேடியேட்டரில் ஊற்றப்படும் திரவங்கள் தற்காலிகத் தீர்வே. அவை ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிடக்கூடும். வடித்த கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு என்பதால், குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் மூடிய கலனில் வைக்க வேண்டும். சாக்கடையில் கொட்டக் கூடாது.

கேஸ்கட்டை மாற்றியதுடன் பணி முடிந்துவிடுவதில்லை. எஞ்சின் முதலில் ஏன் சூடானது என்பதைக் கண்டறிந்து, தெர்மோஸ்டாட், மின்விசிறி, வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அந்தக் குறை நீக்கப்படாவிட்டால், புதிய கேஸ்கட்டும் அதே முறையில் பழுதடையும்.