இரவு வானம்: எந்த சீசனில் என்ன தெரியும்?

டெலஸ்கோப் வேண்டாம். இரவு 9 மணிக்கு மொட்டை மாடிக்குப் போனால் போதும்.

டிசம்பர்–மார்ச்: ஓரியன். வரிசையாக 3 நட்சத்திரங்கள் இருக்கா? அதுதான் இடுப்புப் பட்டை. அருகே சிவப்பாகத் தெரிவது திருவாதிரை.

ஏப்ரல்–மே: வடக்கே சப்தரிஷி மண்டலம். அதன் வால் வளைவை அப்படியே நீட்டினால் சுவாதி, அடுத்து சித்திரை.

ஜூன்–செப்டம்பர்: தெற்கே விருச்சிகம், நடுவில் செந்நிறக் கேட்டை. பால்வீதியும் பளிச்சென்று தெரியும் காலம்; பருவமழை மேகம்தான் வழிவிடணும்.

அக்டோபர்–நவம்பர்: உச்சியில் பெகாசஸ் சதுரம். அதையொட்டி மங்கலாக, 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி ஆண்ட்ரோமெடா கேலக்ஸி.

நகரத்தில் பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் தெரியாததற்கு முக்கியக் காரணம் விளக்கு வெளிச்சம். அதனால்தான் 2022-ல் லடாக்கின் ஹான்லே, இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஹான்லே தூரமா? அமாவாசையை ஒட்டி ஊருக்குப் போகும்போது நிமிர்ந்து பாருங்க.